ரெண்டாம் பாகத்துக்காரி

"சரியாகிவிடும்" என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. டயாலிசிஸ் வார்டில் அந்தச் சொல் இல்லாமல் ஒருத்தியால் எப்படிக் காலம் தள்ள முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அங்கே நர்ஸ் சொல்வார், வாட்ச்மேன் சொல்வார், கேன்டீனில் டீ ஆற்றுகிறவர்கூடச் சொல்வார். புதிதாக வந்த யாராவது ஊசி ஏற்றும்போது அழுதால் சுற்றியிருக்கும் பெட்காரர்கள் எல்லாம் சேர்ந்து சொல்வார்கள். இவள் மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்து, "வலிக்கும். பழகிடும். ஆனா வலி போவாது," என்பாள். சொல்லிவிட்டுத் தன் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வாள்.

அவள் பேர் இங்கே வேண்டாம். எங்கள் வேனில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ரெண்டாம் பாகம் என்றுதான் சொல்வோம். வாரத்தில் இரண்டு நாள் விடிகாலையில் கரையாம்புத்தூரில் கிளம்பி, குருவிநத்தம், பாகூர், சேலியமேடு என்று ஆள் பொறுக்கிக்கொண்டு டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வேன் அது. பாதிப் பேர் சிறுநீரகம் கெட்டவர்கள், பாதிப் பேர் என்னைப்போல் கூடப் போகிறவர்கள். அவள் கரையாம்புத்தூர்க்காரி என்பதால் முதலில் ஏறி டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மடியில் அந்தப் புத்தகம் இருக்கும், செங்கல் கனத்துக்கு. அட்டையில் ஒரு மலை, மலையடியில் எறும்பு மாதிரி ஏழு பேர், கீழே கொட்டை எழுத்தில் "இரண்டாம் பாகம்". அதனால் வந்த பேர்தான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரரை அவள் அண்ணன் என்பாள், என்னை அண்ணி என்பாள்.

என் வீட்டுக்காரருக்கு அவளை முன்பே தெரியும். கரும்பு ஆலை ஓடிய காலத்தில் அவர் டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போனவர். வழியில் இருந்த எடைமேடையில் உட்கார்ந்து எடை எழுதியவள் இவள். ஒருமுறை இவர் லோடு கொஞ்சம் குறைந்துவிட்டது என்று, "ஒரு கால் டன்னு சேத்துப் போடு தங்கச்சி, யாருக்குத் தெரியப்போவுது," என்று கெஞ்சியிருக்கிறார். "மெஷின் காட்றதத்தான் எழுத முடியும்ணே," என்று முடித்துவிட்டாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளைத் திட்டு திட்டென்று திட்டினார். ஆனால் அந்த எடைமேடையில் மட்டும் சண்டையே வராது என்றும் அவர்தான் சொன்னார். ஆலை நின்றது, எடைமேடையும் நின்றது, டிராக்டரும் நின்றது. சில வருடம் கழித்து இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து பெட்டில் சந்தித்துக்கொண்டார்கள். நல்ல சந்திப்புதான் போங்கள்.

வார்டுக்குள் போனதும் எல்லாரும் வெயிட் பார்க்க வேண்டும். முந்தின தடவையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் மெஷின் வழியாக உடம்பிலிருந்து தண்ணீரை எடுப்பார்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மடக்குக்கூடக் குடிக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் நான் டம்ளரில் அளந்து கொடுப்பதைக் குடித்துவிட்டு, மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்க் குழாயில் வாய் வைத்துவிட்டு வருகிற ஆள். வெயிட் மெஷினில் ஏறியதும், பக்கத்துச் சுவரைப் பிடித்து லேசாகப் பாரத்தைக் குறைப்பார். பின்னால் வரிசையில் நிற்கிற இவள், "கைய எடுங்கண்ணே," என்பாள். கையை எடுத்தால் முள் ஓடும். "தண்ணி குடிச்சிக்கினு வந்திருக்கீங்க," என்று வார்டுக்கே கேட்கச் சொல்வாள். நான் வீட்டில் நாள் முழுக்கக் கத்தினாலும் அசையாத மனுஷர், அவள் சொன்னால் அசடு வழிந்து நிற்பார்.

அவளுடைய சொந்தக் கதையை நான் வாயைப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். விழுப்புரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நோய் தெரிந்ததும் புருஷன் கொண்டுவந்து அவள் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாள் கழித்து வந்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அவள் அம்மா வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாராம். நானும் ஒரு மரியாதைக்கு, வந்துவிடுவார் என்று சொல்லிவைத்தேன். "வரமாட்டாரு அண்ணி," என்றாள். "பழைய பொடவ மொதக்கொண்டு மூட்ட கட்டிக் குடுத்தனுப்பினாங்க. திரும்பி வரவங்களுக்கு யாராவது எல்லாத்தையும் கட்டுவாங்களா?" சொல்லும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்தப் புத்தகமும் அவளுடையது இல்லை. ஜன்னலோர பெட்டில் அவளுக்கு முன்னால் இருந்தவன் ஒரு காலேஜ் பையன். ஒருநாள் அவன் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. பெட்டை இவளுக்குக் கொடுத்தார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இது செருகியிருந்தது. நர்சிடம் கொடுத்தாள். யாராவது கேட்டு வந்தால் கொடுங்கள் என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த வார்டில் கேட்கிற பழக்கம் கிடையாது.

ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. புத்தகத்தை வயிற்றின்மேல் சாய்த்து ஒற்றைக் கையால் பக்கம் திருப்பி முணுமுணுவென்று அவள் படிப்பாள். என் வீட்டுக்காரர்தான் சும்மா இருக்காமல், கொஞ்சம் சத்தமாகப் படியேன் என்றார். அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், தினத்தாளில் படம் பார்ப்பதோடு சரி. இரண்டு வாரத்தில் சுற்றியிருந்த பெட்டெல்லாம் கேட்க ஆரம்பித்தது. டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

கதை இதுதான். ஒரு நாட்டில் ஒரு ஊர் மொத்தமும் தூங்கிவிட்டது. அதை எழுப்ப ஒரு பெரிய மணி இருக்கிறது, ஆனால் அதன் நாக்கை யாரோ எடுத்துப்போய் ஒரு மலைக்குள் ஒளித்துவிட்டார்கள். ஒற்றைக்கை ஆதன் என்பவன் அந்த மணியை முதுகில் கட்டிக்கொண்டு நாக்கைத் தேடி வடக்கே போகிறான். வழி காட்ட ஒரு ஓடக்காரி, இன்னும் ஐந்து பேர். ஏன் தூங்கியது, யார் திருடியது எல்லாம் முதல் பாகத்தில் இருக்கும் போலிருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் பாகம் ஆரம்பிக்கும்போதே ஏழில் ஒருவன் செத்துப்போய் மற்றவர்கள் அவனைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யாரு தங்கச்சி செத்தது?" என்று இவர் கேட்டார்.

"தெரியலண்ணே. மொத பாகத்துல இருக்கும்."

"நல்லவனா?"

"எல்லாரும் அழுவுறாங்க. அவ்ளோதான் போட்டிருக்குது."

நான் பால்வாடி டீச்சர். கதை சொல்வது எனக்குப் பிழைப்பு. புலி வந்தால் உறுமுவேன், குரங்கு வந்தால் மேஜைமேல் ஏறுவேன், காக்காவிடம் வடையைப் பறிகொடுத்தாலும் கடைசியில் காக்காவுக்கு ஒரு புது வடை வாங்கிக் கொடுத்துத்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவேன். இவள் படிப்பதைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். பூதம் வந்தாலும் அதே குரல், ஓடக்காரி ஆதனிடம் ஆசையைச் சொன்னாலும் அதே குரல். லோடு வெயிட்டு, காலி வெயிட்டு என்று வாசிக்கிற மாதிரி வாசிப்பாள். ஒருநாள் வீட்டில் இதைச் சொல்லிக் கேலி செய்தேன். இவர் சிரிக்கவில்லை. "நீ சொன்னா உன்னத்தான் பாத்துக்கினு இருக்கணும். அவ படிச்சா மலையப் பாக்கலாம்," என்றார். அன்றைக்குக் குழம்பில் உப்பைக் கூட்டலாமா என்று பார்த்தேன். அவருக்குத்தான் உப்பே ஆகாதே, விட்டுவிட்டேன்.

அந்த நேர்ப் பார்வையால் ஒருமுறை என் வீட்டுக்காரர் பிழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு பிரஷர் இறங்கிவிட்டது. நான் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, தூங்குகிறார் என்று நினைத்து விசிறிக்கொண்டிருக்கிறேன். அவள்தான் படிப்பதை நிறுத்தி, "அண்ணி, அது தூக்கமில்ல, மொகம் வெளுக்குது, நர்சக் கூப்புடுங்க," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதறி நின்றிருப்பேன். எழுந்து ஓடினேன். அதற்கப்புறம் அவள்மேல் எனக்கு ஒரு பயம் கலந்த பிரியம் வந்துவிட்டது. பிரியம் அன்றிலிருந்து போகவில்லை, பயமும்தான்.

புத்தகம் முடிந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொருவராகச் செத்தும் பிரிந்தும் போய், மலை வாசலுக்கு ஆதனும் ஓடக்காரியும் மட்டும்தான் வந்து சேர்கிறார்கள். மணியை வெளியே அவளிடம் விட்டுவிட்டு ஆதன் உள்ளே போகிறான். வாசல் மூடிக்கொள்கிறது. ஓடக்காரி கல்லில் காதை வைத்துக் கேட்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் பாகம் முற்றும். அவள் அட்டையை மூடினாள். நாலு பெட்டிலிருந்து, அப்புறம் அப்புறம் என்று கேட்டார்கள். "அவ்ளோதான்," என்றாள். என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம், ஆம்பளை அழுகிற மாதிரி ஆகிவிட்டது. உள்ளே காற்று இருக்குமா, பின்பக்கம் வழி இருக்குமா, ஒற்றைக் கையால் அவன் எப்படிக் கல்லை நகர்த்துவான் என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் பாகம் அந்தப் பையன் வீட்டில் இருக்கும் என்று டிரைவர்தான் கிளப்பிவிட்டார். அவருக்கு வீடு தெரியும், பூரணாங்குப்பம். திரும்பி வருகிற வழியில் தவளக்குப்பத்தில் திரும்பினால் போதும். யாருக்கும் தைரியம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் ஆசை இருந்தது. ஒரு மத்தியானம் போனோம். அவன் அம்மா வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வேன் என்றதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான்தான் பேசினேன். மூன்றாவது புத்தகம் இல்லையாம், எங்கேயுமே இல்லையாம். எழுதியவர் இன்னும் எழுதவில்லை, எப்போது எழுதுவார் என்று தெரியாது என்று பையன் சொல்லிக்கொண்டே இருந்தானாம். முதல் பாகம் யாரிடமோ இரவல் வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இரண்டாவதுதான் சொந்தமாக வாங்கியது.

புறப்படும்போது அந்த அம்மா இவள் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து அட்டையைத் தடவினார். "இத முழுசா படிச்சி முடிச்சானாம்மா?" என்று கேட்டார்.

வேனில் இருந்த எல்லாரும் ஆமாம் என்று சொல்லத் தயாராக இருந்தோம். நான் வாயைத் திறந்தேவிட்டேன். அவள் முந்திக்கொண்டாள். "இல்லம்மா. கடைசியில கொஞ்சம் பாக்கி. அந்தப் பக்கத்த மடிச்சி வச்சிருந்தாரு."

அந்த அம்மா தலையை ஆட்டினார். புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் திரும்ப வெளியே வரவில்லை. வேன் மெயின் ரோட்டுக்கு வரும்வரை நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவளைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். பெற்ற வயிற்றுக்கு ஒரு சொல் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடுமா என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவங்க என்னக் கேட்டாங்க அண்ணி. உங்கள கேக்கல," என்றாள். என் வீட்டுக்காரர் என் கையை அழுத்தி, விடு என்றார்.

அதற்கடுத்த வாரம் எங்கள் வேனில் வந்துகொண்டிருந்த பாகூர் டீக்கடைக்கார அம்மா போய்விட்டார். வார்டில் இது நடப்பதுதான். ஆனால் சேலியமேட்டுப் பெரியவர் ஒருவர் எங்களோடு வருவார், ஊர் அம்மன் கோயிலில் கதை வைக்கும்போது முன்னால் நிற்கிற மனிதர். எங்கள் பக்கத்தில் கோயிலில் கதை வைத்தால் ராஜா காட்டுக்குப் போன இடத்தில் நிறுத்த மாட்டார்கள். மழை வந்தாலும் சண்டை வந்தாலும் பட்டாபிஷேகம் வரை படித்து, மனைப்பலகையில் மாலை வைத்துப் பொங்கல் படைத்துத்தான் எழுந்திருப்பார்கள். பாதியில் விட்டால் அந்தக் கஷ்டம் கேட்டவர்கள்மேல் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார். நாம் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம், அவனை மலைக்குள் வைத்து மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டோம், டீக்கடைக்கார அம்மாவைக் கொண்டுபோனது அதுதான், இனி வரிசையாகப் போகும் என்றார். படித்த டிரைவர்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

கதையை முடித்து வைக்க வேண்டும் என்று தீர்மானமானது. பெரிய வேலை ஒன்றும் இல்லை, அவன் வெளியே வந்தான், மணி அடித்தது, ஊர் விழித்தது, பட்டம் கட்டினார்கள் என்று புத்தகம் படித்தவள் தன் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவளிடம் எல்லாரும் கேட்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் கேட்கவில்லை. "எழுதாதத நான் எப்டிப் படிக்கிறது?" என்றாள். படிக்க வேண்டாம், சொன்னால் போதும் என்றார் பெரியவர். மாட்டேன் என்றாள். கடைசியில் பெரியவரே ஆஸ்பத்திரி வாசலில் வேனுக்கு முன்னால் மாலை வைத்து, கற்பூரம் கொளுத்தி, எல்லாரும் சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துத் தேங்காய் உடைத்தார். வாட்ச்மேன் வந்து திட்டினார். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. ஆனால் யாருக்கும் மனசு ஆறவில்லை. புத்தகம் படித்தவள் முடிக்காத கதை முடிந்த கதை ஆகுமா? பெரியவர் அந்த மழைக்காலம் தாண்டவில்லை.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள். மறுபடி யாரென்று தெரியாத ஒருவனைப் புதைத்தார்கள், மறுபடி நடந்தார்கள், மறுபடி வாசல் மூடியது. புதிதாக வந்த பெட்காரர்கள் ஆசையாகக் கேட்டார்கள். எங்களுக்கு எந்தப் பக்கத்தில் யார் சாவார்கள் என்று மனப்பாடம். இருந்தாலும் கேட்டோம். வாரத்துக்கு இரண்டு நாள் இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய், அது மறுபடி அழுக்காவதற்குக் காத்திருக்கிறவர்களுக்கு வேறு எந்தக் கதை பொருந்தும்?

என் வீட்டுக்காரருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கு எழுதிவைத்திருந்தோம். நான் கொடுக்கிறேன் என்றேன், எனக்குச் சர்க்கரை இருந்ததால் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அப்புறம் எங்காவது கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்று காத்திருப்பதுதான். அவர் அந்தப் போனைக் குளிக்கப் போகும்போதும் பாலிதீன் பையில் சுற்றிக் கொண்டுபோவார். வந்துவிடும், அடுத்து உங்களுக்குத்தான் என்று நான் தினமும் சொல்வேன். மச்சினர் சொல்வார், பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எல்லாருக்கும் தலையை ஆட்டுவார். ஒருநாள் வார்டில் என் காதுபடவே அவளிடம் கேட்டார். "எனக்கு வருமா தங்கச்சி?"

அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியாதுண்ணே. எனக்கே எழுதி வச்சி எத்தினியோ வருஷமாச்சி. வரல."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நான் அளந்த தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, பல நாளுக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினார். காலையில் சொன்னார். "ஒர்த்தியாவது தெரியாதுன்னு சொன்னாளே. அவ மட்டும் ஒருநாள் வரும்னு சொல்லட்டும், நான் ஆப்ரேஷனுக்குப் பைய எடுத்துக்கினு கெளம்பிடுவேன்." அதிலிருந்து அதைத்தான் எதிர்பார்த்தார். டாக்டர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார், அவள் முகத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் வேனில் ஏறியதும் ஏதாவது சேதி உண்டா என்கிற மாதிரி அவளைப் பார்ப்பார். அவள் ஒன்றும் இல்லை என்று தலையை அசைப்பாள். சரி என்று உட்கார்ந்துகொள்வார்.

அவர் போய் நாலு வருடம் ஆகிறது. அவள் போனது அதற்கு அடுத்த வருடம். எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும், பாகூர் கடைத்தெருவில் டிரைவரைப் பார்த்தபோது சொன்னார். அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இன்றைக்கு நாளைக்கு என்று அவளே சொன்னதாகவும், அப்படியே ஆனதாகவும் அந்த அம்மா சொன்னார். மருமகனுக்குச் சொல்லி அனுப்பினீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வாசலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ரோடு நேராகத் தெரிந்தது.

சொல்ல வந்தது என் வீட்டுக்காரர் கடைசியாக வார்டுக்குப் போன நாள் விஷயம். அன்றைக்கு மெஷின் போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு மூச்சு முட்டியது. கால் வீங்கி, முகம் உப்பி, இரண்டு வாரமாகவே ஆள் சரியில்லை. டாக்டர் வந்து பார்த்தார், மெஷினை மெதுவாக ஓட விடச் சொன்னார், என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இதயம் தாங்கவில்லை, அடுத்த முறை மெஷின் போட முடியாது, இதை முடித்துக்கொண்டு வீட்டுக்கு அழைத்துப் போங்கள், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். சின்ன வயசு டாக்டர்தான், கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் வராந்தாச் சுவரில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். அப்புறம் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, பால்வாடியில் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்பதற்கு ஒரு முகம் வைத்திருப்பேனே, அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

"இன்னாமே சொன்னாரு?" என்று இவர் கேட்டார்.

மாத்திரை மாற்றுகிறார்களாம், வீக்கம் வடிந்துவிடும் என்றேன். சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்துவிட்டேன். அவரும் சரி என்றார். அந்தப் பொய்யை நான் அவ்வளவு நன்றாகச் சொன்னேன். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு தெளிவு வந்தது, தோளிலிருந்து பாரம் இறங்கின மாதிரி சாய்ந்துகொண்டார். இவளுடைய பெட்டிலிருந்து பார்த்தால் வராந்தாக் கண்ணாடி தெரியும். நான் சுவரில் சாய்ந்து நின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் படித்துக்கொண்டிருந்தது நடுவில் எங்கேயோ, ஆற்றைக் கடக்கிற இடம். புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஆதன் வெளிய வந்துட்டான்," என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடைசியில் மனசு இளகிவிட்டாளே, இந்த ஒரு நாளுக்காவது ஒரு நல்ல சொல் சொல்லத் தோன்றிற்றே என்று அவளை மனசுக்குள் கும்பிட்டேன். மலைக்குள்ளே ஒரு சுரங்கம் இருந்தது என்றாள். மணியின் நாக்கு அங்கேயே கிடந்தது என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், ஊசி குத்தாத கையால் பெட்ஷீட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் போட்டுக்கொண்டு வந்த முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டாக்டர் வராந்தாவில் சொன்னது முழுக்க அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை அவள் இல்லாததைச் சொன்னாள், அது போதுமாக இருந்தது.

அவளுக்கும் அது புரிந்துவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணில் நீர் முட்ட, "அண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

அவர் எதையாவது கேட்பார், கோபித்துக்கொள்வார், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ என்று எழுந்திருப்பார் என்று நான் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்ட தங்கச்சி? மேல சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள். மணி அடித்தது, ஊர் விழித்தது, ஓடக்காரிக்குக் கல்யாணம் நடந்தது, செத்தவர்கள்கூட இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். முன்னுக்குப் பின் முரணாக, தட்டுத் தடுமாறி, என் பால்வாடிப் பிள்ளைகள்கூடச் சிரித்துவிடுகிற மாதிரி ஒரு கதை. மெஷினை நிறுத்த நர்ஸ் வரும்வரை என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு "உம்" கொட்டிக்கொண்டே இருந்தார்.